மூன்றாவது பட்டை

ரமணிக்கும் பீட்டருக்கும்,

திங்கட்கிழமை முதல் என் நாற்காலியில் வேறு யாராவது உட்காருவார்கள். பதினோரு வருடம் விளம்பர வாசகம் எழுதியவன், முப்பத்தைந்து வயதில் பள்ளிக்கூட வாத்தியாராகப் போகிறேன். அனுபவம் எழுதுகிற வயதா இது என்று நீங்கள் சிரிக்கலாம். ஆனால் நேற்று டீ நேரத்தில் பீட்டர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் எழுந்து போய்விட்டேன். அது மனதை அறுத்துக்கொண்டே இருக்கிறது.

"சார், பிஸ்கட் விளம்பரத்துக்குப் பட்டாளத்துக்காரர் படம்னு சொன்னதும் உங்க மொகம் ஏன் சார் அப்படிப் போச்சு? ஜவானும் பிஸ்கட் திங்கிறவர்தானே?" என்று கேட்டாய், பீட்டர். "சாருக்கு மிலிட்டரின்னாலே அலர்ஜிப்பா" என்றாய், ரமணி. கேலிதான், கோபமில்லை. உங்கள் இருவருக்கும் தமிழ் படிக்கக் கொஞ்சம் தடுமாறும். பரவாயில்லை, மெதுவாகப் படியுங்கள். தமிழில்தான் இதை என்னால் சொல்ல முடியும்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்தது எழுபத்து நாலில். அப்பா பிழைக்க வந்த இந்த மராத்தி ஊரில், கட்கியில் ஓர் ஆலையில் மூட்டை சுமந்தவர். சம்பளப் புத்தகத்தில் கட்டைவிரல் வைப்பார். அதை ஒட்டிய போபோடியில் எங்கள் சந்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். தலைக்கு மேல் மின்விசிறி சுற்றுகிற அறையில் உட்கார்ந்து, மூளையில் உதித்ததைக் காகிதத்தில் எழுதினால் அது ஊர் முழுக்கப் பெரிய எழுத்தில் வரும் என்பது என்னைக் கிறுகிறுக்க வைத்தது. இன்றைக்கு இருப்பதுபோல் தமிழ்ப் பிரிவெல்லாம் அப்போது கிடையாது. இந்தியில் எழுதினேன். நாலே பேர் உள்ள ஏஜென்சி அது. இந்த அலுவலகம் இல்லை.

சேர்ந்து இரண்டாவது மாதம் எனக்கு முதல் தனி வேலை வந்தது. மூட்டைப்பூச்சிப் பொடி. தயாரித்தவர் நேரில் வந்து, "பெரிசா இருக்கணும். பஸ்ஸுல போறவன் கழுத்தைத் திருப்பிப் பாக்கணும்" என்றார். எழுபத்தோராம் வருடப் போர் முடிந்து இரண்டரை ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனாலும் ஜெயித்த சூடு ஊரில் ஆறவில்லை. டீக்கடைகளில், சலூன்களில், காலண்டர்களில் எங்கும் ஜவான்தான். நான் எழுதிக் கொடுத்த இந்தி வாசகத்தின் பொருள் இது: 'எல்லைக்குள் ஓர் எதிரியும் மிஞ்சமாட்டான்.' துப்பாக்கி பிடித்த ஜவான். அவர் காலடியில் மல்லாந்து கிடக்கும் மூட்டைப்பூச்சிகள். பக்கத்தில் பொடி டப்பா.

முதலாளி மராத்திக்காரர். படித்துவிட்டு மேஜையைத் தட்டினார். "அரே வா! இவ்வளவு நாள் எங்கப்பா இருந்தே?" என்றார். அன்றைக்கு நான் வீட்டுக்கு நடந்தா போனேன், மிதந்து போனேன்.

ஜவானுக்கு ஒரு முகம் வேண்டுமே. கட்கி கடைத்தெருவில் ஒரு போட்டோ ஸ்டூடியோ இருந்தது. போருக்கு ரயிலேறும் முன்னால் ஜவான்கள் வரிசையில் நின்று படம் எடுத்துக்கொண்ட கடை அது. கடைக்காரர் ஓர் அட்டைப்பெட்டியைத் தூக்கி என் முன்னால் வைத்தார்.

"இதெல்லாம் வந்து வாங்காத படம். எது வேணுமோ எடுத்துக்கோ."

அந்த வார்த்தையை நான் காதால் கேட்டேன். வந்து வாங்காத படம். ஏன் வந்து வாங்கவில்லை என்று எனக்குத் தோன்றவே இல்லை. பி.ஏ. படித்தவன் நான். துணிக்கடையில் புடவை பார்ப்பதுபோல் முகம் முகமாகத் தள்ளிக்கொண்டே போனேன். இவர் மூக்கு சரியில்லை, இவர் முறைக்கிறார், இவருக்குக் காது பெரிது. கடைசியில் ஒரு சிரித்த முகம் கிடைத்தது. இடது புருவத்தில் ஒரு பழைய வெட்டு. அதுகூட அழகாகத்தான் இருந்தது. அதை எடுத்துக்கொண்டேன். திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

விளம்பரப் பலகை வரைபவர் ஷிண்டே. படத்தைக் கையில் வாங்கிக் கண்ணைச் சுருக்கினார்.

"யாரு இவரு?"

"ஜவான்."

"அது தெரியுது. பேரு?"

"பேரா போடப்போறோம்? நீங்க வரைங்க."

அவருக்கு வேறொரு குறையும் இருந்தது. "கையில ரெண்டு பட்டைதான் இருக்கு. மீசையும் பென்சில் கோடு மாதிரி. இருபதடி பலகையில பையன் மாதிரி தெரிவான்."

நான்தான் சொன்னேன். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வேறு யார் தலையிலும் கட்ட முடியாது. "மீசையைத் தடிமனாப் போடுங்க. கன்னத்துல கொஞ்சம் சதை வெக்கலாம். பட்டையை மூணாக்கிடுங்க, கெத்தா இருக்கும்."

ராணுவத்தில் சட்டைக் கையில் இரண்டு பட்டை என்றால் நாயக், மூன்று என்றால் அதற்கு மேல் ஹவில்தார். கட்கி கன்டோன்மென்ட், ராணுவக் குடியிருப்புப் பக்கம் வளர்ந்தவனுக்கு இது தெரியாதா? தெரியும். ஒரு மனிதனுக்கு அந்த மூன்றாவது பட்டை கிடைக்க எத்தனை வருடம் ஆகும் என்றும் தெரியும். ஷிண்டே ஒரே தீற்றலில் போட்டுவிட்டார்.

பலகை போபோடிக்கும் கட்கிக்கும் நடுவில், பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஏறியது. அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். படிக்கத் தெரியாது என்பதால் முகத்தைத்தான் வெகுநேரம் பார்த்தார். "லட்சணமான புள்ள. இவங்க வீட்டுல பாத்தா எவ்ளோ சந்தோசப்படுவாங்க, இல்லடா?" என்றார். ஆமாம்பா என்றேன்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு காலையில், அந்த வீட்டிலிருந்தே ஆள் வந்தது.

இருபத்தேழு இருபத்தெட்டு வயதிருக்கும். கையில் பேடா டப்பா. இடுப்பில் இரண்டு வயதுப் பெண் குழந்தை. வாசலில் நின்று உடைந்த இந்தியில், பலகை எழுதிய ஆபீஸ் இதுதானா என்று கேட்டாள். பலகையின் மூலையில் எங்கள் விலாசம் சின்னதாக இருக்கும். யாரோ ஒரு கடைக்காரரைப் படிக்கச் சொல்லிக் கேட்டு வந்திருக்கிறாள். பேச்சிலேயே தெரிந்துவிட்டது. "அக்கா, தமிழா?" என்றேன். அவ்வளவுதான், முகம் மலர்ந்துவிட்டது.

"ஐயோ, தமிழ்ப் புள்ளயா! கர்த்தரே, நல்ல எடத்துக்குத்தான் வந்துக்கிறேன். மொதல்ல வாயத் தெற தம்பி, இனிப்பு எடு. எம்பேரு ஸ்டெல்லா. இங்க பக்கத்துல சாங்வில எங்க அண்ணன் வூட்டுல இருக்கறேன். போர்டுல நிக்கறாரே, அவரு என் வூட்டுக்காரரு."

நான் பேடாவை வாயில் போட்டுக்கொண்டு சிரித்தேன். பெருமையாகக்கூட இருந்தது.

"சொல்லு தம்பி. எப்ப எடுத்தீங்க அந்தப் படத்த? போன மாசமா? எங்க இருக்குறாரு?"

எனக்குப் புரியவில்லை. அவளே கொட்டினாள். ரயிலேறும்போது அவர் இங்கே கட்கியில். இவள் பிரசவத்துக்கு வேலூர்ப் பக்கம் தாய்வீட்டில். குழந்தை முகத்தை அவர் பார்க்கவே இல்லை. பிறகு தந்தி: காணவில்லை. சிறைபட்டவர்கள் திரும்பி வந்தபோது பெயர்ப்பட்டியலில் அவர் இல்லை. இப்போது ராணுவ ஆபீஸிலிருந்து ஒரு காகிதம் வந்திருக்கிறது. அவர் இல்லை என்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டுமாம். இரண்டு மாதமாக அதைப் போடாமல் வைத்திருந்தாள். அண்ணன் சொல்லிச் சொல்லி, இந்த வெள்ளிக்கிழமை போடுவதாக இருந்தாள்.

"போட இருந்தேன் தம்பி! பேனா வாங்கத்தான் கட்கிக்கு பஸ்ஸு ஏறினேன். நிமிந்து பாக்கறேன், நிக்கறாரு. போம்போது ரெண்டு பட்டைதான். இப்ப மூணு! மீசை வேற. ஒடம்பும் கொஞ்சம் தேறிக்கீது. உசுரோட இல்லாதவனுக்கு யாரு தம்பி பட்டை குடுப்பாங்க?"

வாயில் இருந்த பேடா கரையவில்லை. துப்பவும் முடியவில்லை.  

"ஒரு நிமிஷம் அக்கா" என்று உள்ளே ஓடி முதலாளியிடம் சொன்னேன். கேட்டுவிட்டு எழுந்து கதவைச் சாத்தினார்.

"படம் எங்கேருந்து எடுத்தோம்னு சொன்னியா?"

"இல்ல."

"சொல்லாதே. யூனிஃபார்ம் போட்ட ஆள், காணாமப் போன ஆள்... ராணுவத்துக்குத் தெரிஞ்சா கடைக்கு ஷட்டர்தான். கற்பனையா வரைஞ்சதுன்னு சொல்லு. அந்தம்மாவுக்கும் அதுதான் நல்லது. அழுவாங்க, போயிடுவாங்க."

அவர் கெட்டவர் இல்லை. பயந்துவிட்டார். நானும் பயந்தேன். கல்லூரி, மின்விசிறி, அப்பாவின் பெருமை எல்லாம் அந்தச் சாத்திய கதவுக்குள் என்னைப் பிடித்துத் தள்ளின. வெளியே வந்து, அவள் முகத்தைப் பார்க்காமல், "அது கற்பனை ஓவியம் அக்கா. யாரையும் பாத்து வரையல. ஏதோ ஜாடை" என்றேன்.

அவள் அழவில்லை. சிரித்தாள்.

"புருவத்துல வெட்டும் கற்பனையா? அது கல்யாணமான புதுசுல நான் கரண்டி வீசினது தம்பி!" என்றாள். பிறகு சட்டென்று நின்றாள். மூடிய கதவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள். "அச்சா... புரிஞ்சுது. சொல்லக் கூடாதுன்னு ஆர்டரா? ரகசிய வேலையில வெச்சிக்கிறாங்களா? சரி சரி. நான் யாருகிட்டயும் மூச்சு வுட மாட்டேன். நீ நல்லா இருப்பப்பா." என் தலையில் கை வைத்துவிட்டுப் படியிறங்கினாள்.

அவள் நம்பிக்கையை உடைப்பதற்காகச் சொன்ன பொய், அந்த நம்பிக்கைக்கே முட்டுக் கொடுத்துவிட்டது. கூப்பிட்டிருக்கலாம். பத்துப் படிதான். நான் கூப்பிடவில்லை.

நான்காம் நாள் ஷிண்டே வந்தார். வண்ண வாளியைக்கூடக் கீழே வைக்கவில்லை. "பலகைக்கு எதிர்ல ஒரு அம்மா தினம் சாயங்காலம் வந்து நிக்குது. குழந்தையைத் தூக்கிக் காட்டி, பாபா பாரு, அப்பா பாருன்னு சொல்லுது. குழந்தை, பாபா பூச்சி அடிக்கிறாரான்னு கேக்குது. பான் கடைக்காரன் சிரிச்சான். நானும் ஏதோ பைத்தியம்னு நினைச்சேன். நேத்து என்னைப் பாத்துட்டு, நீங்கதானே வரைஞ்சது, அவருக்குக் கை காலெல்லாம் நல்லா இருக்குதான்னு கேட்டுது."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்ன சொல்றது? நான் இடுப்புக்கு மேலதான் படத்துல பாத்தேன். காலு நானா போட்டதுதானே!" அப்போதுதான் வாளியைக் கீழே வைத்தார். "நீயே போய்ச் சொல்லு. பிரஷ் என்னுது. மூணாவது பட்டை உன்னுது."

கோப்பிலிருந்து அந்தப் படத்தைத் தேடி எடுத்தேன். முதல்முறையாகத் திருப்பினேன். பின்பக்கம் பென்சிலில் பெயர் இருந்தது. எண் இருந்தது. ரயிலேறிய வாரத்துத் தேதி இருந்தது. கீழே ஸ்டூடியோ கடைக்காரரின் கையெழுத்தில், 'திரும்பி வந்து வாங்கிக்கொள்வார்.'

இதெல்லாம் எப்போதும் அங்கேயே இருந்தது. யாரும் என்னிடமிருந்து மறைக்கவில்லை.

முதலாளியிடம் சொன்னேன், அந்த அக்காவிடம் உண்மையைச் சொல்லப் போகிறேன் என்று. "போனா இங்க திரும்ப வேண்டாம்" என்றார். போனேன்.

சாங்வியில் விசாரித்துக் கண்டுபிடித்த ஒரு மாடிப் போர்ஷன். அண்ணன் வேலைக்குப் போயிருந்தார். ஸ்டெல்லா அக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் முறத்தை வைத்துவிட்டு எழுந்தாள். "வந்துட்டியா? சேதி ஏதாச்சும் சொல்லியனுப்பினாரா?"

 படத்தை நீட்டினேன். அவள் வாங்கிப் பார்த்தாள். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு கண், படத்தில் இருந்தவரின் கைப்பக்கம் போனது. விரலால் தொட்டு எண்ணினாள். இரண்டு. மறுபடி எண்ணினாள்.

"இது எப்போ எடுத்தது?"

"பின்னால இருக்கு அக்கா. ரயிலேறின வாரம். ஸ்டூடியோவுல கெடந்தது."

உள்ளே போனாள். பைபிளுக்குள்ளிருந்து ஓர் இன்லண்டு கடிதத்தை எடுத்து வந்து, படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எழுத்துக் கூட்டிப் படித்தாள். "போட்டோ எடுத்தேன். வாங்கி அனுப்ப நேரம் இல்லை. வந்து வாங்கிக்கொள்கிறேன்." எத்தனையோ முறை படித்த வரியாக இருக்கும். அன்றைக்குத்தான் அது முடிந்தது.

"அப்ப மூணாவது பட்டை?"

"நான் போடச் சொன்னது அக்கா. மீசையும்."

"எதுக்கு?"

"நல்லா இருக்கும்னு."

"பூச்சி மருந்துக்கா?"

ஆமாம் என்று தலையை அசைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் அடிக்கவில்லை. திட்டவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். குழந்தை வந்து படத்தைப் பிடுங்கப் பார்த்தது. எட்டாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.  குக்கர் கத்தி ஓய்ந்தது. யாரும் எழுந்து போகவில்லை.

பிறகு, "நீ இங்கிலீசு படிச்சவன்தானே?" என்றாள்.

"ஆமா."

அலமாரியிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து என் மடியில் வைத்தாள். "அண்ணன் மேலோட்டமா சொல்லிச்சு. எனக்கு வரிவரியா தெரியணும். படி."

எங்கள் வம்சத்தில் முதலில் படித்தவன் நான். அப்பா முதுகு வளைந்து என்னைப் படிக்க வைத்தது எதற்கென்று அன்றுவரை எனக்குத் தெரியாது. படித்தேன். தமிழில் சொன்னேன். 'இறந்ததாகக் கருதப்படுகிறார்' என்ற இடத்தில் நிறுத்தினாள்.

"கருதப்படுறாருன்னா?"

"அப்படின்னு... வெச்சுக்கறாங்க அக்கா."

"யாரு?"

"அரசாங்கம்."

"அவங்களாச்சும் ஒண்ணு வெச்சிக்கிட்டாங்க. நீ என்னா நெனச்சிக்கிட்டு என் புருசன் மூஞ்சிய எடுத்த?"

"ஒண்ணும் நினைக்கல அக்கா."

பீட்டர், நான் சொன்னதிலேயே உண்மையான வாக்கியம் அதுதான். கெட்டது நினைத்திருந்தால்கூட ஒரு மன்னிப்பு கேட்க இடம் இருந்திருக்கும். நான் ஒன்றுமே நினைக்கவில்லை.

"அதுல அவரு பதவி என்னா போட்டிருக்கு?" என்று கேட்டாள்.

"நாயக்."

"ரெண்டு பட்டை."

"ரெண்டுதான் அக்கா."

அவள் பேனாவை எடுத்தாள். கட்கிக்கு பஸ் ஏறிப்போய் வாங்கி வந்த பேனா, மூடியே கழற்றாதது. நான் காட்டிய இடத்தில் தமிழில், ஒவ்வோர் எழுத்தாக, தன் பெயரை எழுதினாள். எழுதி முடித்து, "போர்டுல இருக்கறது என் புருசன் இல்ல. அவரு ரெண்டு பட்டைக்காரரு. அத எறக்கிடு. இத நான் வெச்சிக்கறேன்" என்று படத்தை இன்லண்டுக்குள் வைத்து மூடினாள்.

மறுநாள் விடியும்போது ஷிண்டேவும் நானும் ஏணி போட்டோம். முதலாளி சொல்லவில்லை, தடுக்கவும் இல்லை. எங்களிடம் சுண்ணாம்புதான் இருந்தது, அதை அடித்துப் படத்தை மறைத்தோம். ஜூன் முதல் மழையில் அது கரைந்து ஓடியது. பஸ்ஸில் வந்த நான் நிமிர்ந்து பார்த்தேன்: புருவ வெட்டும் மூன்று பட்டையும் திரும்ப வந்திருந்தன. நனைந்துகொண்டே ஏறி இரும்புத் தகட்டால் சுரண்டினேன். எண்ணெய் வண்ணம் லேசில் போகாது. பட்டை சீக்கிரம் போய்விட்டது. முகத்துக்கு அரை நாள் ஆனது.

அதன் பிறகு வேறு ஏஜென்சி, பிறகு இங்கே. கம்பளி நூலுக்கு ஜவான், சவரப் பிளேடுக்கு ஜவான், கைக்கடிகாரத்துக்கு ஜவான் என்று கேட்டு வந்தார்கள். மறுத்தேன். நடிகருக்குச் சீருடை தைத்துப் போட்டு, எழுதி வாங்கிக்கொண்டு செய்தால் என்ன தப்பு என்று நீங்கள் கேட்பீர்கள். அப்போது ஸ்டெல்லா அக்காமாதிரி யாரும் ஏமாறமாட்டார்கள், உண்மை. ஆனாலும் சாகத் தயாராக நிற்கிற ஒருவனின் சட்டையை, சாகத் தேவையே இல்லாத ஒரு பொருளுக்கு மாட்டிவிடுகிறோமே என்பது எனக்கு இன்றும் தொண்டையில் நிற்கிறது. இதற்கு முழுப் பதில் என்னிடம் இல்லை, பீட்டர். ஜவானும் பிஸ்கட் தின்பவர்தான். அதையும் மறுக்கமாட்டேன். எதையும் சொல்லாமல் விடக் கூடாதென்பதால் இதையும் எழுதுகிறேன்: அந்தப் பொடி நன்றாக விற்றது.

பிஸ்கட் கோப்பு உங்கள் மேஜையில் இருக்கிறது. உள்ளே வாடிக்கையாளர் கொடுத்தனுப்பிய ஒரு பழைய படம் இருக்கிறது: பனியில் நின்று சிரிக்கும் ஒரு ஜவான். நான் அதைத் தொடவில்லை. முடிவு உங்களுடையது.

வாசகம் எழுத உட்காரும் முன், அதைத் திருப்பிப் பாருங்கள்.